கொடை நோட்டீஸில் மறைத்த வரிகள்

செவல்மேட்டில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் முதன்முறையாக அச்சகத்துக்குப் போகாமல் போனில் போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மேலத்தெருவில் நாற்பத்தாறு பேர் தடித்துப்போனார்கள். தடித்தார்கள் என்றால் சதை போட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆளின் ஓரத்தை யாரோ கறுப்பு மையால் இரண்டு தடவை இழுத்துவிட்டதுபோல் ஆனார்கள், நிழல் அழுத்தமாக விழுந்தது, இருமினால் அடுத்த தெருவுக்குக் கேட்டது, உட்கார்ந்தால் நாற்காலி முனகியது, சட்டைப் பித்தான்கள் தெறித்துச் சாக்கடையில் விழுந்தன. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் டிடிபி கடை வைத்திருக்கும் உலகம்மாள் இதைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஆச்சரியம் எல்லாம் படவில்லை; தலையில்தான் அடித்துக்கொண்டாள். தடித்தவர்கள் அத்தனை பேரும் நோட்டீஸில் கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினாரின் பெயருக்குக் கீழே வரிசையாக வருகிறவர்கள். தலைவர் பெயரை மட்டும் போல்டாகக் காட்டச் சொல்லும் கட்டளையை எங்கேயோ மூடாமல் விட்டாயிற்று, அது பாட்டுக்கு நாற்பத்தாறு பேரை விழுங்கிக்கொண்டு போயிருக்கிறது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா என்ன இவருக்கு" என்று அவள் சன்னல் கம்பியிடம் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான். உலகம்மாளிடம் இருந்தது ஒரு பழைய கம்போசிங் மென்பொருள். அதை எழுதியவர் எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாது. அதில் எழுத்தைப் பெரிதாக்க, சாய்க்க, நடுவில் நிறுத்த, வரிக்கு வரி இடம் விட எல்லாவற்றுக்கும் எழுத்தோடு எழுத்தாக ஒரு கட்டளையை அடிக்க வேண்டும். ஒரு சாய்கோடு, கட்டளையின் பெயர், ஒரு நெளிந்த அடைப்புக்குறி, அதற்குள் ஆளின் பெயர், பிறகு மூடுகிற அடைப்புக்குறி. தாளில் அச்சடிக்கும்போது கட்டளைகள் வெளியே தெரியாது, சொன்ன வேலையைச் செய்துவிட்டு உள்ளேயே கிடக்கும். பத்தொன்பது வருடமாக ஒரே ஃபைல். ஒவ்வொரு ஆனி மாதமும் போன வருடத்து ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, செத்தவர் பெயருக்கு முன்னால் "அமரர்" போட்டு, பிறந்தவர் பெயரைச் சேர்த்து, உள்ளே கிடக்கும் குப்பையை யாரும் கிளறாமல் அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் ஆறுமுகநயினார் படியேறி வந்து, "ஏ உலகம்மா, போட்டோவா அனுப்புனா மும்பைல இருக்கவனுக்கு வாசிக்க முடியல. பெருசாக்குனா எழுத்து ஓடுது. வெறும் எழுத்தா மாத்தித் தா, நான் ஊர் குரூப்புல போட்டுருதேன்" என்றார். சரி என்று அவள் ஃபைலை வெறும் எழுத்தாக மாற்றினாள். மாற்றினால், பத்தொன்பது வருடமாக உள்ளே கிடந்த கட்டளைகள் எல்லாம் மூட்டைப்பூச்சி மாதிரி வெளியே வந்தன. பெயருக்கு நடுவே சாய்கோடு, அம்மனுக்கு முன்னால் அடைப்புக்குறி. தேடி மாற்றும் வசதியைப் போட்டுச் சிலதை அழித்தாள். திறக்கிற குறி போய் மூடுகிற குறி நின்றது, மூடுகிறது போய்த் திறந்தது நின்றது. "நாளைக்குச் சரிபண்ணித் தாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நயினார் கணினியில் இருந்ததை அப்படியே தன் போனுக்கு ஏற்றி, குரூப்பில் போட்டுவிட்டார். செவல்மேட்டில் கொடை நோட்டீஸில் போட்டால் போட்டதுதான். அண்ணன் யார் தம்பி யார் என்ற வழக்கே நோட்டீஸில் யார் பெயர் முன்னால் வந்தது என்று பார்த்துத்தான் அங்கே தீர்ந்திருக்கிறது. ஆகவே நோட்டீஸில் கட்டளை இருந்தபோது ஊர் அதற்குக் கீழ்ப்படிந்தது, அதில் யாருக்கும் பெரிய கேள்வி எழவில்லை.

நடுவில் நிறுத்தும் கட்டளை கமிட்டி உறுப்பினர்கள் ஒன்பது பேரைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் எங்கே போனாலும் தெருவின் சரிநடுவில்தான் நடந்தார்கள், ஓரம் போக நினைத்தாலும் கால் வரவில்லை; சங்கரன்கோவில் பேருந்து அவர்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்து அலுத்துப்போய், ஓட்டுநர் கடைசியில் இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். சாய்வுக் கட்டளை கீழத்தெரு வில்லிசைக்காரர்கள் குடும்பம் முழுவதையும் வலப்பக்கமாகச் சாய்த்துவிட்டது, சாய்ந்தபடியே தண்ணீர் பிடித்தார்கள், சாய்ந்தபடியே சண்டை போட்டார்கள், டீக்கடைக்காரர் அவர்களுக்காக ஒரு பெஞ்சின் இடது காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துக் கொடுத்தார். இடைவெளிக் கட்டளை வடக்குத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே வேலை காட்டியது. சுவருக்கு மேல் கை நீட்டிக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு கிரவுண்டு நிலம் திடீரென்று கிடந்தது, மத்தியானத்துக்குள் அதில் ஆடு மேய்ந்தது, சாயங்காலத்துக்குள் அது யாருடையது என்று வாய்த்தகராறு தொடங்கிவிட்டது.

இதெல்லாமாவது பரவாயில்லை. உலகம்மாளின் உயிரை வாங்கியது புதன்கிழமை காலையில் படியில் நின்ற வரிசைதான். சரிபண்ணச் சொல்லி வந்தவர்கள் ஏழு பேர் என்றால், தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தவர்கள் எழுபது பேர். "எனக்கும் அந்த போல்டு போடு தாயீ, என் மருமவ கொஞ்சம் பயப்படட்டும்." "எங்க வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் தள்ளிரு, மூஞ்சியில முழிக்க வேண்டாம்." "எம் மவனுக்கு எழுத்த ரெண்டு சைஸ் கூட்டு உலகம்மா, போலீஸ் வேலைக்கு ஒசரம் பத்தல." தையல்காரர் ஒருவர் மட்டும், தடித்தவர்களுக்குச் சட்டை பிரித்துத் தைக்கும் வேலை குவிந்திருப்பதால் எதையும் சரிபண்ணவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்க, அவள் இரண்டாம் தடவை திருத்தி அனுப்பினாள். நாற்பத்தாறு பேர் மெலிந்தார்கள், ஆனால் எங்கோ மூடுகிற குறி ஒன்று விட்டுப்போய்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வாக்கியத்தை முடிக்க முடியாமல் தவித்தார். மூன்றாம் தடவை அனுப்பினாள். தலைமையாசிரியர் வாயை மூடினார், நாற்பத்தாறு பேரும் மறுபடி தடித்தார்கள்.

"எனக்கு வாற ஆத்திரத்துக்கு இந்த மானிட்டர எடுத்து ரோட்டுல போட்டுருவேன்" என்று அவள் கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் நிற்காமல் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒதுங்கி நின்ற ஒரே ஆள் எஸ்தர். உலகம்மாளின் தம்பி குத்தாலத்தின் மனைவி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண். இரண்டு வருடத்துக்கு முன்னால் குத்தாலம் அவளைக் கட்டிக்கொண்ட வாரத்திலேயே நயினார் இந்தப் படியேறி வந்து, "உன் தம்பி பேரு இனிமே நோட்டீஸ்ல வேண்டாம், அந்த வரிய எடுத்துரு" என்று சொல்லியிருந்தார். உலகம்மாளும் "சரி அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தாள். ஊரில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எதுவானாலும் நயினார் ஒரு வார்த்தை சொன்னால்தான் அவள் கடைக்கு வரும்.

கூட்டம் கலைந்ததும் எஸ்தர் மேலே வந்தாள். "மதினி, அவுகளைக் காங்கல."

"எங்க போனான்?"

"எங்கயும் போகல. வீட்லதான் இருக்காவ. காங்கல."

உலகம்மாளுக்குத் தம்பியின் வரி நினைவுக்கு வந்தது. பத்திரிகை வேலையில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. யார் பெயரை எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டாள். சித்தப்பாவோடு சண்டை, அவர் பெயரை எடு என்பார்கள். இரண்டு நாள் கழித்து ராசியாகிப் பெயரைப் போடு என்பார்கள். திரும்ப அடிக்கிற வேலை யாருக்கு? ஆகவே அந்த வரிக்கு முன்னால் மறைக்கிற கட்டளையைப் போட்டுவிடுவாள். வரி அங்கேயேதான் இருக்கும், தாளில் மட்டும் வராது. தம்பிக்கும் அதைத்தான் செய்திருந்தாள். நான் ஒன்றும் அழிக்கவில்லையே, இவர்களுக்குப் புத்தி வருகிற அன்றைக்கு ஒரு குறியை எடுத்தால் வந்துவிடுவான் என்று இரண்டு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொங்கலுக்கு ஒரு போன் பேசிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நெழலாவது தெரிஞ்சுது மதினி. இன்னைக்கு அதுவும் இல்ல. சத்தமும் கொறஞ்சுக்கிட்டே வருது. வெள்ளிக்கிழமை கால் நாட்டிட்டா அதுக்கு மேல நோட்டீஸைத் தொட மாட்டாவளாமே" என்றாள் எஸ்தர். அழவில்லை, இரண்டு நாளாக அழுது முடித்திருந்தாள்.

அது உண்மைதான். கொடைக்குப் பந்தல்கால் நாட்டிவிட்டால் அடுத்த ஆனி வரை நோட்டீஸில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. ஒரு வருடம். சத்தமும் போன பிறகு ஒரு வருடம் கழித்துத் தேடினால் ஆள் எங்கே கிடைப்பான்?

அவள் கடையைப் பூட்டிவிட்டு எஸ்தரோடு போனாள். இரண்டு தெரு தள்ளித்தான் குத்தாலத்தின் மோட்டார் வைண்டிங் கடை. உள்ளே ஒரு பம்புசெட் மோட்டார் பிரிந்து கிடந்தது, செம்புக் கம்பி தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு விவசாயி இன்னொரு மோட்டாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மேசையைப் பார்த்தே "சாயந்தரம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வா அக்கா. ஸ்டூலைத் தொடச்சிட்டு உக்காரு, கிரீஸ் இருக்கும்" என்றது குத்தாலத்தின் குரல், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மெதுவாக.

"ஏல, எங்கல இருக்கே?"

"ஒனக்கு முன்னாலதான்."

"எப்போலேருந்து இப்படி?"

"செவ்வாக்கிழமை பத்து மணிலேருந்துன்னு எஸ்தர் சொல்லுதா. எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல."

"வாறவங்க என்ன சொல்லுதாங்க?"

"என்ன சொல்ல? ரெண்டு வருஷமா மேசையைப் பாத்துத்தான் பேசுதாங்க. இப்பவும் மேசையைப் பாத்துத்தான் பேசுதாங்க. வேலை ஓடுது."

"கோவமாவது படேம்ல!" என்று உலகம்மாள் கத்தினாள். கம்பி ஒரு நிமிடம் நின்றது, பிறகு மறுபடி சுற்றியது. தெருவில் போனவர்கள், உலகம்மாள் யாரிடம் கத்துகிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடித்தவனுக்குத் தையல்காரர் இருந்தார், சாய்ந்தவனுக்குச் செங்கல் இருந்தது, ஆடு மேய்ந்த நிலத்துக்குப் பஞ்சாயத்தே கூடியது. ஒரு ஆள் முழுசாகக் காணாமல் போனதை மட்டும் இரண்டு நாளாக ஒருவரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவள் நயினார் வீட்டுக்குப் போனாள். அவர் தடித்து, கறுத்து, கம்பீரமாகத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்த நான்கு நாற்காலியும் உடைந்துவிட்டன. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"மத்தவனுக்கெல்லாம் எடுத்துரு உலகம்மா. ஊரே தலைவர் மாதிரி நடந்தா நல்லாவா இருக்கு? எனக்கு மட்டும் இருக்கட்டும்."

"எந்தம்பி வரியில ஒரு கட்டளை கெடக்கு அண்ணாச்சி. அத எடுக்கணும். ஆளையே காங்கல."

"அவன் வரியே கெடையாதே. எடுக்கச் சொன்னேம்லா?"

"எடுக்கல. மறைச்சுத்தான் வச்சிருக்கேன்."

நயினார் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அப்பம் அப்படியே இருக்கட்டும்" என்றார். "அவனால யாருக்கு என்ன தொந்தரவு? திருத்துனத எங்கிட்டக் காட்டாம எதும் குரூப்புக்குப் போகக் கூடாது, பாத்துக்கோ."

கடைக்குத் திரும்பி ஃபைலைத் திறந்தாள். தம்பியின் வரியில் இருந்த குறியை மட்டும் எடுத்துப் பார்த்தாள். அதை மூடுகிற குறி நான்கு வரி தள்ளி வேறொரு கட்டளையின் வயிற்றுக்குள் கிடந்தது, அதை எடுத்தால் இன்னொன்று அவிழ்ந்தது, அதைக் கட்டினால் முதலாவது அறுந்தது. மத்தியானச் சாப்பாடு டப்பாவில் ஆறிப்போனது. மாலை நான்கு மணிக்கு அவளுக்குச் சலிப்பு தலைக்கேறியது. எதற்கு ஒவ்வொன்றாகச் சரிபண்ண வேண்டும், பெரிதும் வேண்டாம் சிறிதும் வேண்டாம், நடுவும் வேண்டாம் ஓரமும் வேண்டாம், வெறும் எழுத்து என்றுதானே கேட்டார், வெறும் எழுத்தையே கொடுத்துவிடுவோம் என்று, சாய்கோட்டில் தொடங்குகிற அத்தனை கட்டளையையும், அடைப்புக்குறிகள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல் துடைத்து எடுத்தாள்.

திரையைப் பார்த்தால் நோட்டீஸ் நீண்டிருந்தது. மறைக்கிற கட்டளைகளும் துடைபட்டதால் பத்தொன்பது வருடமாக மறைத்த வரிகள் எல்லாம் வெளியே வந்து நின்றன. எண்ணினாள், முப்பத்தொன்று. கோயிலுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவரானவர், புருஷனை விட்டுவிட்டு வந்தவள், நயினாரின் சொந்தத் தங்கை, யாரோடு என்ன சண்டை என்று எல்லாருக்குமே மறந்துபோன ஆட்கள் ஆறேழு பேர். தம்பியை மட்டும் வைத்துக்கொண்டு மீதி முப்பதையும் அழித்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. அழிக்கிற விசையில் விரலை வைத்தாள். வைத்த விரலை அவளால் அழுத்த முடியவில்லை. அத்தனை பேரையும் மறைத்தவள் அவள்தான், ஒவ்வொரு தடவையும் அழிக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை பந்தல்காலில் மாவிலை கட்டியாயிற்று, குழியில் பாலும் நவதானியமும் போட்டாயிற்று, மேளக்காரர் தயாராக நின்றார். உலகம்மாள் திருத்திய நோட்டீஸைக் கொண்டுவந்து நயினாரின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அவர் விரலால் தள்ளிக் கீழே போனால் இருபதாவது வரியிலேயே அவருடைய தங்கை நிற்கிறாள். ஆனால் செவல்மேட்டுக்காரர்கள் நோட்டீஸ் வாசிக்கிற முறை ஒன்று உண்டு. தன் பெயர் வரும் வரை வாசிப்பார்கள், வந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்கள். நயினாரின் பெயர் முதல் வரியில் இருந்தது.

"எம் பேரு இருக்கு. சரி" என்று அவர் அனுப்பிவிட்டார். மேளம் முழங்கியது, குலவை எழுந்தது, எட்டுப் பேர் தூக்கி நிறுத்திய கால் குழிக்குள் இறங்கி நின்றது.

நின்ற நொடியில் நயினாரின் வேட்டி அவிழ்ந்தது. அவசரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் கை அவர் கையளவுக்கே இருந்தது, நிழல் எல்லாருடைய நிழல் மாதிரியே கிடந்தது. வில்லிசைக்காரர்கள் நிமிர்ந்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். ஒன்பது கமிட்டிக்காரர்களும் ஆளுக்கொரு ஓரமாக ஓடினார்கள். கூட்டத்தின் நடுவிலேயே, இதுவரை காற்று இருந்த இடங்களில், ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் தெரிந்தார்கள். ஒரு வயதான பெண் நயினாருக்கு நேர் எதிரே நின்று, "என்னண்ணே, மெலிஞ்சுட்டியே" என்றாள். நயினார் பந்தல்காலைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கால் நாட்டியாயிற்று, இனி அடுத்த ஆனி வரை ஒன்றும் செய்வதற்கில்லை. சமையல் பந்தலில் இருந்து ஒருவர் வந்து, இன்னும் முப்பத்தோரு இலை போட்டால் சாம்பார் பத்தாது என்று முறையிட்டார். அவரிடம் நாலு பேர், தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்படி சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உலகம்மாள் இதில் எதற்கும் நிற்கவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் இரண்டு தெருவையும் ஓடிக் கடந்தாள். கடையில் எஸ்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் குத்தாலம் இருந்தான், கையில் கம்பி, சட்டையெல்லாம் கிரீஸ், முழுசாக.

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த கை நின்றுவிட்டது. இடது புருவத்தில் தொடங்கிக் காது வரைக்கும் ஒரு தழும்பு இழுத்துக்கொண்டு போயிருந்தது, தையல் போட்ட புள்ளிகள் எண்ணும்படி தெரிந்தன.

"என்னல இது? இதுவும் அந்தக் கட்டளையாலயா?"

"இல்லக்கா. அது போன ஐப்பசியில. ஒரு கம்ப்ரஸர் வெடிச்சிட்டு. பெரியாஸ்பத்திரியில பன்னெண்டு நாள் கெடந்தேன்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். இந்த ரோட்டு வழியாத்தான டெய்லி கடைக்குப் போறே."

நோட்டீஸ் போனில் போனது இந்தச் செவ்வாய்க்கிழமை. உலகம்மாள் விரலை மடக்கி ஐப்பசியில் இருந்து எண்ணினாள். எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவன் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஆளாகத்தான் இருந்திருக்கிறான்.